பட்டியலில் இல்லாத தரைச் சிலந்தி: புதிய இனமாக விவரிக்க என்ன வேண்டும்?

கல்லடிவாசி

வணக்கம். கற்களைப் புரட்டிச் சிலந்தி பார்ப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். இப்போது கையில் இருப்பது ஒரு கறுப்புத் தரைச் சிலந்தி, உடல் நீளம் 6 மி.மீ. அளவு. வலை கட்டுவதில்லை. பகலெல்லாம் கல்லுக்கடியில் மெல்லிய பட்டுப் பைக்குள் கிடக்கிறது, இருட்டியதும் வெளியே வந்து ஓடித் திரிகிறது. பட்டு நூல் வெளிவரும் உறுப்புகளான நூற்பிகளில் முன் இரண்டும் குழாய் வடிவில் நீண்டு, ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்றன. அதை வைத்து நாஃபோசிடே குடும்பம் என்று எடுத்துக்கொண்டேன். இனம் காணும் திறவுகோலை (அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்தைக் காட்டும் அட்டவணை) பிடித்து இறங்கினால் ஜெலோடெஸ் கூட்டத்தில் வந்து நிற்கிறது. அதற்கு அப்பால் எந்த இனத்தோடும் ஒட்டவில்லை.

பெண்கள் நான்கு, கல்லடியில் எடுத்தவை. ஆண்கள் இரண்டு, அதே சரிவில் வைத்த குழிப்பொறியில் (தரையில் புதைத்த, திரவம் ஊற்றிய கிண்ணம்) விழுந்தவை. எல்லாம் ஆல்கஹாலில் இருக்கின்றன. புதிய இனம் என்று எழுத வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

நுண்ணோக்கி நாச்சி

வாழ்த்து அப்புறம் சொல்றேன், முதல்ல குடும்பத்தை உறுதி பண்ணிடுவோம். குழாய் நூற்பி நல்ல அடையாளம்தான், ஆனா அதை மட்டும் நம்பி நிக்க முடியாது. பின் வரிசைல நடுக் கண்கள் ரெண்டும் வட்டமா இருக்கா, இல்ல சரிஞ்சு தட்டையா இருக்கா? வாயோரத்துத் தகடான எண்டைட்ல சாய்வா ஒரு பள்ளம் ஓடுதா? இந்த ரெண்டும் நூற்பியோட சேர்ந்து வந்தா நாஃபோசிடேன்னு தைரியமா எழுதலாம்.

அடுத்து மூணாவது, நாலாவது காலோட மெட்டாடார்சஸ் (கடைசிக்கு முந்தின கணு) நுனி. அங்க அடிப்பக்கம் விறைப்பான முடிங்க ஒரே வரிசைல நின்னா அதுதான் துப்புரவுச் சீப்பு. ஜெலோடெஸ் கூட்டத்துக்கே உரிய அடையாளம். ஆனா கூட்டம் வேற, பேரினம் வேற. டிராசில்லஸ், ட்ராக்கிஜெலோடெஸ், செட்டாஃபிஸ் எல்லாத்துக்கும் அதே சீப்பு உண்டு. கெலிசெராவோட (நச்சுப்பல் இருக்கிற தாடை) முன்பக்கத்துல தடிச்ச முடிங்க கூட்டமா இருந்தா ட்ராக்கிஜெலோடெஸ் பக்கம் போகணும். ஆண் பால்ப்ல (வாய்ப் பக்கத்துல இருக்கிற குட்டிக் கால், ஆணுக்கு விந்தைச் செலுத்தற உறுப்பு) நுனி அப்போஃபைசிஸ், அதாவது நீட்டிக்கிட்டிருக்கிற முனை, ரெண்டா பிளந்திருந்தா டிராசில்லஸ்.

இன்னொண்ணு, எல்லாம் முதிர்ந்ததுதானே? குஞ்சுகளை வெச்சு இனம் எழுத முடியாது. பெண்ணோட எபிஜைன் (வயித்தடியில இருக்கிற பிறப்புறுப்புத் தகடு) கெட்டிப்பட்டுக் கறுத்து, ஓரங்கள் தெளிவாத் தெரியணும். கடைசித் தோலுரிப்புக்கு முந்தின ஆணுக்குப் பால்ப் நுனி வெறும் வீக்கமா மூடியிருக்கும், உள்ளே எதுவும் தெரியாது.

கல்லடிவாசி

கண்கள் சரிந்துதான் இருக்கின்றன, பள்ளமும் உண்டு, சீப்பும் உண்டு. கெலிசெராவில் அந்த முடிக்கூட்டம் இல்லை. ஆண்களின் அப்போஃபைசிஸ் பிளவுபடவில்லை. பெண்கள் மூன்றில் எபிஜைன் தெளிவு. நான்காவதில் ஏதோ பிசின்போல அடைத்துக்கொண்டிருக்கிறது.

நுண்ணோக்கி நாச்சி

அந்த அடைப்பு இனச்சேர்க்கைக்குப் பிறகு வர்ற அடைப்பானா இருக்கும். சில சிலந்திகள்ல ஆணே வெச்சுட்டுப் போகும். அந்தப் பெண்ணை வரையாதீங்க. அடைப்பானை உறுப்போட பாகம்னு நினைச்சு வரைஞ்ச பழைய படங்கள் இருக்கு, பின்னாடி வந்தவங்க அந்த ‘உறுப்பை’த் தேடி அலைஞ்சிருக்காங்க.

மாடிப்படி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இது விஷச் சிலந்தியா? கடித்தால் ஆபத்தா?

குழிப்பொறி

ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு, அது இரைக்கு. இந்தக் குடும்பம் மனிதருக்கு ஆபத்தானதாக அறியப்படவில்லை. பெரியது கடித்தால் கொஞ்ச நேரம் வலிக்கும். இழை திசைமாறாமல் இதோடு விடுவோம்.

பழஞ்சுவடி

கல்லடிவாசி அவர்களே, ‘எந்த இனத்தோடும் ஒட்டவில்லை’ என்கிறீர்கள். எவற்றோடு ஒப்பிட்டீர்கள்? நீங்கள் பயன்படுத்திய திறவுகோல் ஒரு நாட்டின் எல்லைக்குள் வாழ்பவற்றை மட்டும் தருவதாக இருந்தால், உங்கள் விடைக்கு அந்த எல்லைக்குள் மட்டுமே பொருள்.

இந்தக் குடும்பத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. உரோஜெலோடெஸ் ரஸ்டிகஸ் என்ற சிலந்தியை லுட்விக் கோச் 1872இல் விவரித்தார். மனிதர்களின் சரக்கோடும் குடியிருப்போடும் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. போன இடமெல்லாம் அங்கிருந்தவர்கள் அதைப் புதிதென்று எண்ணி வேறு வேறு பெயர் வைத்தார்கள். அப்பெயர்கள் இன்று ஒரே இனத்தின் மறுபெயர்களாக நீளமாக அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். கையில் இருந்த நூல்களோடுதான் ஒப்பிட்டார்கள்.

இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை. பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நடத்தப்படும் உலகச் சிலந்திப் பட்டியல் இணையத்தில் கிடக்கிறது. 2022 ஏப்ரலில் அதில் 50,000ஆவது இனம் ஏறியது, தென் பிரேசிலைச் சேர்ந்த குதிக்கும் சிலந்தி ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் எந்த ஆண்டில் யார், எந்தப் பாலை, எந்தப் பக்கத்தில் வரைந்தார் என்ற விவரம் அதில் உண்டு. உங்கள் பேரினத்தில் உள்ள இனங்கள் சில நூறு. உங்கள் நிலப்பகுதி, அதை ஒட்டிய நாடுகள், பரவி வந்திருக்கக்கூடியவை என்று வடிகட்டி, எஞ்சிய ஒவ்வொன்றின் மூல விவரிப்பையும் எடுத்துப் பாருங்கள். சலிப்பான வேலைதான். இனம் புதிது என்று சொல்லும் உரிமை அங்கேதான் கிடைக்கிறது, நுண்ணோக்கியில் அல்ல.

சிலந்திகளின் பெயர்க் கணக்கு கார்ல் கிளார்க் 1757இல் வெளியிட்ட சுவீடன் சிலந்திகள் நூலில் தொடங்குகிறது. பிற விலங்குகளுக்கெல்லாம் 1758இன் லின்னேயஸ் தொடக்கம், சிலந்திக்கு மட்டும் இந்த விலக்கு. அன்று தொட்டு இன்றுவரை வந்த எல்லாப் பெயரோடும் உங்கள் சிலந்தி போட்டியிட வேண்டியிருக்கிறது.

கல்லடிவாசி

ஐயா, பழைய விவரிப்புகளில் சிலவற்றுக்குப் படமே இல்லை. ‘கறுப்பு, கால்கள் பழுப்பு, வயிறு நீள்வட்டம்’ என்று நான்கு வரி. அப்படிப் பார்த்தால் என்னுடையதும் அதுதான், இந்தக் குடும்பத்தில் பாதியும் அதுதான்.

பழஞ்சுவடி

அங்கே நூலை மூடிவிட்டு மூலமாதிரியை, அதாவது எந்த உடலுக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டதோ அந்த உடலையே, தேட வேண்டும். எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதன் பொறுப்பாளருக்கு மடல் எழுதி, கடனாகவோ படமாகவோ கேளுங்கள். பல இடங்களில் பிறப்புறுப்பைப் படம் எடுத்து அனுப்பி உதவுகிறார்கள். மூலமாதிரி அழிந்துவிட்டது, அல்லது குஞ்சு என்று தெரிந்தால் அந்தப் பெயர் ஐயத்துக்குரியது என்று உங்கள் கட்டுரையிலேயே ஒரு பத்தி எழுத நேரும். சில சமயம் புதிய இனத்தை விவரிப்பதைவிட அந்தப் பத்திதான் பின்வருவோருக்குப் பெரிய உதவி.

நுண்ணோக்கி நாச்சி

சரி, இப்ப வேலைக்கு வருவோம். நிறம் விட்டுடுங்க. ஆல்கஹால்ல நிறம் போயிடும். அதனாலதான் உயிரோட இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வெக்கணும். அளவும் வயித்தை நம்பி எடுக்காதீங்க, சாப்பிட்டா பெருக்கும், பட்டினின்னா சுருங்கும். தலைமார்பு ஓட்டோட நீளம், அகலம்தான் நிலையான அளவு. கால்களை ஃபீமர், பட்டெல்லா, டிபியா, மெட்டாடார்சஸ், டார்சஸ்னு தனித்தனியா அளந்து அட்டவணை போடுங்க. மொத்த நீளம் சொல்லும்போது கெலிசெராவும் நூற்பியும் சேர்த்ததா இல்லையான்னு ஒரு வரி எழுதிடுங்க.

நிஜமான வேலை பிறப்புறுப்புலதான். வெளியே பார்த்தா ஒரே மாதிரி இருக்கிற இனங்கள் அங்கதான் பிரியுது. மொராக்கோவுல எர்க் செபி மணல்மேட்டுல குட்டிக்கரணம் அடிச்சு ஓடுற செப்ரென்னஸ் ரெகென்பெர்கி பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. சாதாரண ஓட்டத்தைவிட ரெண்டு மடங்கு வேகம். 2014ல பீட்டர் யேகர் அதைப் புது இனம்னு விவரிச்சார். அவ்வளவு வித்தை காட்டுற சிலந்தியே பக்கத்து இனத்துலேர்ந்து பிரிஞ்சது பிறப்புறுப்போட வடிவத்தை வெச்சுத்தான்.

பெண்ணோட எபிஜைனை முதல்ல அப்படியே வயித்துல இருக்கும்போது வெளிப்பக்கம் வரைஞ்சுக்கங்க. அப்புறம் மெல்லிசான ஊசியால சுத்தி வெட்டி எடுங்க. சுத்தியிருக்கிற சதையைக் கரைக்க 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதும், ஆனா கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே இருக்கணும், அதிகமானா மெல்லிய சவ்வெல்லாம் போயிடும். அவசரமில்லைன்னா பாங்க்ரியாட்டின் நொதி நல்லது, சதையை மட்டும் தின்னும், உறுப்பைத் தொடாது. சுத்தமானதும் கிராம்பு எண்ணெயிலயோ லாக்டிக் அமிலத்துலயோ வெச்சுப் பின்பக்கத்தைப் பாருங்க. விந்துப் பைகள் எங்க இருக்கு, இனச்சேர்க்கை நாளம் எத்தனை வளைவு வளைஞ்சு அதுக்குள்ள போகுது, எங்க அகலமாகுது, எங்க குறுகுது. இந்தப் பாதைதான் உங்க இனத்தோட அடையாள அட்டை. நாளத்தைத் தொடக்கத்துலேர்ந்து முடிவு வரைக்கும் கண்ணால பின்தொடர முடியலைன்னா வரையாதீங்க, திருப்பி வெச்சுப் பாருங்க.

ஆணுக்கு இடது பால்ப் வரையறது வழக்கம். அடிப்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு, முடிஞ்சா உள்பக்கமும். டிபியாவோட வெளிப்பக்க அப்போஃபைசிஸ் கோணம் மாறினா வேற வடிவமாத் தெரியும், அதனால எந்தக் கோணம்னு சரியா நிறுத்தி வரைங்க. எம்போலஸ் (விந்தைச் செலுத்தற ஊசி) எங்க கிளம்பி எங்க முடியுதுன்னு காட்டணும். குழிப்பொறில விழுந்ததுனு சொன்னீங்க, பல்ப் (பால்ப் நுனியில இருக்கிற குமிழ்) உப்பி வெளியே தள்ளியிருந்தா அதுல பாகங்களோட இடமே மாறியிருக்கும். உப்பாத பால்ப்பைத்தான் மத்த இனங்களோட படத்துக்குப் பக்கத்துல வெக்க முடியும்.

புகைப்படமா, கோட்டுப்படமா? ரெண்டும் வேணும். பல ஆழத்துல எடுத்து அடுக்கின படம் பொய் சொல்லாது, ஆனா எதைப் பார்க்கணும்னும் சொல்லாது. நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்கன்னு கோட்டுப்படம்தான் காட்டும்.

குழிப்பொறி

பொறியில் என்ன திரவம் ஊற்றினீர்கள்? ஃபார்மலின் என்றால் டிஎன்ஏவை மறந்துவிடலாம். புரொப்பிலீன் கிளைகால் என்றால் நம்பிக்கை உண்டு.

இன்னொரு கேள்வி, இதை யாரும் கேட்கவில்லை: அந்த ஆணும் அந்தப் பெண்ணும் ஒரே இனம் என்று எப்படித் தெரியும்? ஒரே சரிவில் இதே கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று இனங்கள் சேர்ந்து வாழ்வது சாதாரணம். ஆண்கள் துணை தேடி அலைவதால் பொறியில் அவைதாம் அதிகம் விழும். பெண்கள் கல்லடியில் இருக்கும். இருவகைச் சேகரிப்பு முறை இருபாலையும் தனித்தனியாகத் தந்துவிடுகிறது. ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று ஒரே இனம் இரண்டாக நின்ற கதை சிலந்தியியலில் நிறைய. அதன் மறுபக்கமும் உண்டு, அ இனத்தின் ஆணையும் ஆ இனத்தின் பெண்ணையும் சேர்த்து ஒரு பெயரில் கட்டிவிடுவது. பின்னது அவிழ்ப்பதற்குக் கடினம்.

எட்டாம்கால்

இதுக்கு நேரான வழி சிஓஐங்கற மைட்டோகாண்ட்ரியா மரபணு. 658 எழுத்து நீளத் துண்டு, 2003லேர்ந்து விலங்குகளுக்கு இனம் காட்டுற பார்கோடா பயன்படுத்துறது. ஒவ்வொரு பாலிலும் ஒரு கால் எடுத்தா போதும், மீதி உடம்பு அப்படியே இருக்கும். ஆண் பெண் வரிசை ஒண்ணா விழுந்தா கல்யாணம் முடிஞ்சுது. அதோட அண்டை இனங்களோட தூரம் எவ்வளவுன்னும் தெரிஞ்சுடும். பெரிசா இடைவெளி வந்தா அதையே புது இனத்துக்கு ஆதாரமா வைக்கலாமே, எதுக்கு மூலமாதிரி தேடி இத்தனை மடல்?

பொறிக்கதவு

எட்டாம்கால் சொன்னதில் முதல் பாதிக்குச் சரி, இரண்டாம் பாதிக்கு மறுப்பு.

நான் பார்ப்பவை வளைச் சிலந்திகள், பொறிக்கதவுக்காரர்கள். பெண் தான் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வளை தோண்டி ஆயுள் முழுக்க அதிலேயே இருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் 1974 முதல் தொடர்ந்து கவனித்த ‘எண் 16’ என்ற பெண் சிலந்தி 43 ஆண்டு வாழ்ந்தது. இனப்பெருக்கத்துக்காக ஆண் நடந்து போகும் தூரம்தான் மரபணு போகும் தூரம். அதனால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு சிஓஐ, இந்தப் பக்கம் ஒன்று. தூரத்தை மட்டும் அளந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ‘புதிய இனம்’ கிடைக்கும். அது ஒரே இனத்தின் உள்ளூர்க் கூட்டங்களின் வரலாறு, இன எல்லை அல்ல.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் அஃபோனோபெல்மா டாரன்டுலாக்களுக்கு 50க்கு மேல் பெயர்கள் இருந்தன. 2016இல் உருவம், மரபணு, பரவல் மூன்றையும் சேர்த்து மறுஆய்வு செய்தபோது அங்கே வாழ்பவை 29 இனங்கள்தாம் என்று வந்தது. அந்த 29இல் 14 புதியவை! பழைய பெயர்கள் பல காணாமல் போயின, அதே கையால் புதியவையும் பிறந்தன. ஒரே சான்றை வைத்து இதைச் செய்திருக்க முடியாது.

எட்டாம்கால்

உங்க வளைச் சிலந்தி கதை ஓடித் திரியிற நாஃபோசிடேக்கு அப்படியே பொருந்தாது. ஆனா ஒரே மரபணுவை வெச்சு முடிவெடுக்க வேண்டாம்ங்கறதை ஒத்துக்கறேன். குறைஞ்சபட்சம் ஒரு உட்கரு மரபணுவும் பார்க்கணும். இன்னொரு நடைமுறைச் சிக்கல், ஒப்பிடத் தரவுத்தளத்துல அண்டை இனங்களோட வரிசை இருக்கணுமே. இந்தக் குடும்பத்துல பல இனங்களுக்கு ஒண்ணுமே இல்ல. இல்லாததோட பொருந்தலைன்னு சொல்றது ஆதாரம் ஆகாதுதான்.

குழிப்பொறி

உருவமும் கைவிடும் இடங்கள் உண்டு. வட அமெரிக்கச் சருகுத் தரையில் வாழும் ஓநாய்ச் சிலந்திகள் ஸ்கிசோகோசா ஓக்ரியேட்டா, ஸ்கிசோகோசா ரோவ்னெரி. பெண்களைப் பிரித்தறிய முடியாது. ஆண்களில் ஓக்ரியேட்டாவுக்கு முன்கால்களில் அடர்ந்த முடிக்கற்றை, ரோவ்னெரிக்கு அது இல்லை. அவற்றைப் பிரித்து வைத்திருப்பது காதல் நடனம். பெண் தன் இனத்து ஆணின் சைகைக்கும் அதிர்வுக்கும்தான் இசைகிறது. 1979இல் ரோவ்னெரி தனி இனமாக விவரிக்கப்பட்டபோது நடத்தைதான் முதன்மைச் சான்று. ஆகவே கல்லடிவாசி, உயிரோடு ஒன்றிரண்டைக் கண்டால் பார்த்ததை எழுதி வையுங்கள். எந்த நேரத்தில் ஓடுகிறது, எதைப் பிடிக்கிறது. இந்தக் குடும்பம் இரையை ஒட்டும் பட்டால் சிக்கவைக்கிறது என்பதை 2017இல் விரிவாகக் காட்டினார்கள். மற்றச் சிலந்திகள் நூலைத் தரையில் ஒட்டவைக்கப் பயன்படுத்தும் சுரப்பியை இவை ஆயுதமாக்கியிருக்கின்றன. தன்னைவிடப் பெரிய சிலந்தியின் காலையும் வாயையும் கட்டிவிட்டுக் கடிக்கும். விவரிப்புக் கட்டுரைகளில் ‘வாழ்வியல்: தெரியவில்லை’ என்ற வரி பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

பாறைநிழல்

இவ்வளவு பேசுகிறீர்கள், ஆறு உயிரைக் கொன்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றைய கேமராவில் ஒவ்வொரு முடியும் தெரியும். 2015இல் தென்னாப்பிரிக்காவில் மார்லேயிமியா என்ற ஈயைப் புகைப்படம் மட்டும் வைத்து விவரித்தார்களே. சிலந்திக்கு ஏன் முடியாது? அரிய இனமாக இருந்தால் நீங்கள் எடுத்ததே கடைசி ஆறாக இருக்கலாம்.

பழஞ்சுவடி

அந்த ஈ விவகாரத்தில் பெரிய சண்டை நடந்தது. விலங்குகளுக்கான சர்வதேசப் பெயரிடல் விதித்தொகுப்பின்படி அது செல்லாததன்று. படத்தில் உள்ள உயிரிதான் மூலமாதிரி, படம் அன்று, என்பது வாதம். 2017இல் அந்த விதிகளை நடத்தும் ஆணையம் ஒரு விளக்கம் தந்தது: மாதிரியைப் பாதுகாக்காமல் விவரிப்பவர் அதற்கான காரணத்தைக் கட்டுரையில் விளக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தடை செய்யவில்லை, ஊக்குவிக்கவும் இல்லை.

நுண்ணோக்கி நாச்சி

பாறைநிழல், உங்க கோபம் நியாயமானது, ஆனா இந்தச் சிலந்திக்கு வழி இல்ல. அடையாளம் இருக்கிற இடம் வயித்துக்குள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நாளம். உயிரோட இருக்கிற சிலந்தில அதைப் படமெடுக்கக் கேமரா இல்ல. படத்தை மட்டும் வெச்சுப் பேர் வெச்சா, அடுத்து வர்றவங்க எதைத் திறந்து பார்ப்பாங்க? பழைய நாலுவரி விவரிப்பால நாம படுற பாட்டை அவங்களுக்குக் கொடுக்கறோம், அவ்வளவுதான்.

தேவைக்கு மேல எடுக்கக் கூடாதுங்கறதுல உங்களோட நான். ஆறு போதும். இனிமே அந்த இடத்துல பொறி வேண்டாம்.

பாறைநிழல்

பொறி வேண்டாம் என்பதோடு நான் நிற்கிறேன். கொன்றதை நியாயப்படுத்துவதில் உடன்பாடில்லை, இதற்கு மேல் வாதிடவில்லை. ஆனால் இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகையை அச்சிட்டால், அழகான டாரன்டுலா விஷயத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும்தானே? கட்டுரை வந்த சூட்டில் சேகரிப்பாளர்கள் போய் நிற்கிறார்கள்.

பொறிக்கதவு

இதில் பாறைநிழல் பக்கம்தான் நான். வளர்ப்புச் சந்தையில் விலைபோகும் நீலக்கால் டாரன்டுலாவுக்கு ஆயத்தொலைவை முழுதாகப் போடுவது வேட்டைக்காரனுக்கு வழிகாட்டுவது. பல ஆசிரியர்கள் மாவட்ட அளவோடு நிறுத்தி, துல்லியத்தை அருங்காட்சியகப் பதிவேட்டில் மட்டும் வைக்கிறார்கள். 6 மி.மீ. கறுப்புச் சிலந்தியை யாரும் வாங்கப் போவதில்லை. அதற்கு இடத்தை மறைத்தால் நட்டம்தான். நாளை அந்தச் சரிவைக் கல்லுடைக்க எடுத்தால், ‘இங்கே இது வாழ்கிறது’ என்று காட்ட அச்சிட்ட ஒரு புள்ளி வேண்டும்.

எட்டாம்கால்

சேகரிக்க அனுமதி வாங்கியிருக்கீங்களா? இதழ்ல கேப்பாங்க. மாதிரியோ டிஎன்ஏவோ நாடு தாண்டிப் போறதா இருந்தா மரபு வளங்களைப் பகிர்றது பத்தின நகோயா ஒப்பந்தத்தோட விதிகளும் சேர்ந்துக்கும்.

கல்லடிவாசி

அனுமதி எழுத்தில் இருக்கிறது. பொறியில் புரொப்பிலீன் கிளைகால்தான். ஓர் ஆணிலும் ஒரு பெண்ணிலும் கால் எடுத்து அனுப்பினேன், சிஓஐ வந்துவிட்டது, இரண்டும் ஒரே குழுவில் விழுகின்றன. மூல விவரிப்புகளை வடிகட்டியதில் இரண்டு அண்டை இனங்கள் எஞ்சின. ஒன்றுக்கு நல்ல படங்கள் உள்ளன. மற்றதற்கு ஆண் மட்டும், பழைய படம். அதன் மூலமாதிரிக்கு மடல் எழுதியிருக்கிறேன்.

மூலமாதிரியாக ஆணை வைப்பதா, பெண்ணையா? பெயர் ஒன்று மனதில் இருக்கிறது, சொல்லட்டுமா?

பழஞ்சுவடி

பெயரை இங்கே சொல்லாதீர்கள். இது வெளியீடு அன்று. இங்கே எழுதிய பெயர் தகுதியற்ற பெயராக எங்காவது நகல் எடுக்கப்பட்டு மிதந்துகொண்டே இருக்கும்.

விதித்தொகுப்பு கேட்பவை அதிகமில்லை, ஆனால் ஒன்றையும் விட முடியாது. 1999க்குப் பிறகு வரும் எந்தப் புதிய இனப் பெயரும் புதிது என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மூலமாதிரி சுட்டப்பட்டிருக்க வேண்டும். அது எந்தச் சேகரத்தில் வைக்கப்பட்டது அல்லது வைக்கப்படும் என்று எழுதியிருக்க வேண்டும். பிறவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் விவரிப்பு சொற்களில் இருக்க வேண்டும், படம் மட்டும் போதாது. மின்வடிவில் மட்டும் வரும் இதழ் என்றால், 2012இன் திருத்தப்படி வெளியாகும் முன்பே ஜூபேங்க் என்ற பெயர்ப் பதிவேட்டில் பதிந்து, அந்தப் பதிவு கட்டுரைக்குள்ளேயே தெரிய வேண்டும்.

மூலமாதிரி ஒன்றே ஒன்று. மற்றவை பாராடைப், அதாவது துணை மாதிரிகள். ஆணா பெண்ணா என்பது உங்கள் விருப்பம். அண்டை இனத்தின் ஆண் மட்டுமே தெரிந்திருப்பதால் ஆணை வைத்தால் ஒப்பீடு நேராக அமையும். வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். பொதுச் சேகரத்தில் பதிவு எண்ணோடு இருக்கட்டும். குப்பிக்குள்ளேயே சீட்டு இருக்க வேண்டும், வெளியே ஒட்டியது உதிர்ந்துவிடும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஜெலோடெஸ் ஆண்பால், ஆகவே பெயரடையாக வைத்தால் அதுவும் ஆண்பால் ஈற்றில் முடிய வேண்டும். ஆடவர் பெயரிலிருந்து என்றால் ‘இ’, மகளிர் பெயரிலிருந்து என்றால் ‘ஏ’ ஒலிக்கும் ஈறு. தம் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, சக ஆய்வாளர்களின் சிரிப்பு தடுக்கும்.

கல்லடிவாசி

என் பெயர் இல்லை ஐயா! தனித்துவக் குறிப்பை (அண்டை இனங்களிலிருந்து பிரித்துக்காட்டும் பத்தி) வரைந்துவிட்டேன், அண்டை இனங்களை அ, ஆ என்று மறைத்துப் போடுகிறேன்:

“புதிய இனம் கறுப்பு உடலும் பழுப்புக் கால்களும் கொண்டது. ஆண் பால்ப்பின் டிபியா அப்போஃபைசிஸ் நீளமானது, எம்போலஸ் மெல்லியது. பெண்ணின் எபிஜைன் அகலமானது, நாளங்கள் வளைந்தவை. இவற்றால் பிற இனங்களிலிருந்து வேறுபடுகிறது.”

நுண்ணோக்கி நாச்சி

இது விவரிப்பு, தனித்துவக் குறிப்பு இல்ல. எதைவிட நீளம்? எதைவிட மெல்லிசு? ‘பிற இனங்கள்’னா எது? கறுப்பும் பழுப்பும் வெளியே போகட்டும். ஒவ்வொரு வாக்கியத்துலயும் ரெண்டு சிலந்தி இருக்கணும், உங்களுதும் அதோட நெருங்கினதும். படங்களைப் பார்த்து இப்படி மாத்தலாம்:

“ஆண், அ இனத்தை ஒத்தது, டிபியா அப்போஃபைசிஸின் நுனி மேல்நோக்கி வளைந்திருப்பதாலும் (அ இனத்தில் நேராக உள்ளது), எம்போலஸ் பல்ப்பின் நடுப்பகுதியிலிருந்து கிளம்புவதாலும் (அ இனத்தில் அடிப்பகுதியிலிருந்து) வேறுபடுகிறது. ஆ இனத்திலிருந்து, அப்போஃபைசிஸ் டிபியாவைவிடக் குட்டையாக இருப்பதால் வேறுபடுகிறது (ஆ இனத்தில் டிபியாவுக்குச் சமநீளம்). பெண், அ இனத்திலிருந்து, இனச்சேர்க்கை நாளம் விந்துப் பையை அடையும் முன் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதால் வேறுபடுகிறது (அ இனத்தில் அரைச் சுற்று). ஆ இனத்தின் பெண் அறியப்படவில்லை.”

கடைசி வரியை விட்டுடாதீங்க. ஆ இனத்தோட பெண் யாருக்கும் தெரியாதப்ப உங்க பெண் அதுலேர்ந்து வேறன்னு ஆண் மூலமாத்தான் சொல்ல முடியுது. அது படிக்கிறவங்களுக்குத் தெரியணும்.

பொறிக்கதவு

நாச்சி எழுதியதில் ஒரு சந்தேகம். ‘ஒரு முழுச் சுற்று’ என்பது மூன்று பெண்களிலும் அப்படியேதானா? ஒன்றில் முக்கால் சுற்று என்றால் வரம்பாக எழுத வேண்டும். இனத்துக்குள் உள்ள வேறுபாட்டைச் சொல்லாத தனித்துவக் குறிப்பு அடுத்த ஆய்வாளர் கையில் உடையும்.

கல்லடிவாசி

ஒரு பெண்ணை மட்டும்தான் வெட்டித் தெளிவித்திருக்கிறேன். அடைப்பு இல்லாத மற்ற இரண்டையும் பாங்க்ரியாட்டினில் போடுகிறேன். ஆண்களில் ஒன்றில் பல்ப் உப்பியிருக்கிறது, ஆகவே மற்றதுதான் மூலமாதிரி.

கேட்டே விடுகிறேன், இதெல்லாம் அச்சுக்கு வர எவ்வளவு காலம் ஆகும்?

பழஞ்சுவடி

2012இல் ஒரு கணக்கு எடுத்தார்கள், எல்லா உயிரினத் தொகுதிகளுக்கும் சேர்த்து. மாதிரி சேகரிக்கப்பட்டதற்கும் புதிய இனமாக விவரிக்கப்பட்டதற்கும் இடையே சராசரி 21 ஆண்டு. பெரும்பாலும் அலமாரியில் கிடந்த காலம். உங்களுக்கு அவ்வளவு ஆகாது, ஆள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். ஆ இனத்தின் மூலமாதிரியைப் பார்க்கும் முன் அனுப்பிவிடாதீர்கள். பழைய படத்தில் அப்போஃபைசிஸின் நீளம் வரைந்தவர் நிறுத்திய கோணத்தால்கூட மாறியிருக்கலாம், உங்கள் வேறுபாடு முழுக்க அந்த ஒரு படத்தில் நிற்கிறது.

கல்லடிவாசி

பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. கடனாக அனுப்ப முடியாது, ஆனால் நான் சொல்லும் கோணத்தில் பால்ப்பைப் படமெடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நாச்சி அக்கா, நேர் வெளிப்பக்கம் மட்டும் கேட்டால் போதுமா?

நுண்ணோக்கி நாச்சி

நேர் வெளிப்பக்கம் ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணு, மேலேர்ந்து டிபியா மட்டும் ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் அளவுகோல் வெக்கச் சொல்லுங்க. உங்க ஆணோட படத்தையும் கூடவே அனுப்பிடுங்க, அதைப் பார்த்து அவரே அதே கோணத்துல நிறுத்திடுவார்.